முப்பது வயதுக்கு மேல் வேற்றுமொழி உச்சரிப்பு வருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்கிறீர்கள். இலக்கணம் ஓரளவு கைவந்துவிட்டது, எழுதினால் பிழை குறைவு, ஆனால் பேசினால் எதிரே இருப்பவர் "என்ன சொன்னீர்கள்?" என்று திரும்பக் கேட்கிறார். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. இதற்கிடையில் புதிதாகப் படிக்க வந்த இரண்டு பேருக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, உங்கள் குறை அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று கவலைப்படுகிறீர்கள். முப்பதைத் தாண்டியவருக்கு உச்சரிப்பு வருமா வராதா என்று வயதை வைத்துக் கேட்டிருந்தாலும், உங்களை உண்மையில் குடைவது வேறொன்று என்று தோன்றுகிறது: இவ்வளவு கேட்டும் ஏன் வாயில் வரமாட்டேன் என்கிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வயது விஷயமும், சொல்லிக்கொடுக்கும் விஷயமும் பாதி தெளிவாகிவிடும்.

நான் ஒலியியலை முறையாகப் படித்தவன். பல வருடங்களாக வயது வந்தவர்களுக்கு ஜெர்மனும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் உச்சரிப்பு வகுப்புகள்தான் அதிகம். சீனம் போன்ற, குரல் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறும் தொனி மொழிகளையோ, சிறு குழந்தைகளுக்கோ நான் கற்பித்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. சுருக்கமான பதில்: வரும். கேட்டுத் திருப்பிச் சொல்வது உங்களுக்குப் பலிக்காததற்குக் காரணம், அந்த ஒலி உங்கள் காதில் விழுந்தாலும் அது அதுவாக உங்களிடம் வந்து சேராததுதான். ஜெர்மன்காரர் ஒன்றைச் சொல்கிறார். உங்கள் மூளை தமிழில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி எதுவோ அதை எடுத்து உங்களிடம் நீட்டுகிறது. நீங்கள் அதை மிகச் சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள். உங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. அவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரிகிறது.

இது சும்மா சொல்வதில்லை, இந்தத் துறையில் மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இந்தியில் இருக்கும் த, ட இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம் இது த, இது ட என்று. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கும் அந்த வேறுபாடு தெரிந்தது. பத்து, பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அது மங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அந்த வேறுபாடு தேவையில்லை, அதனால் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிட்டது. காது செவிடாகவில்லை, எதைக் கவனிக்கவேண்டும் என்ற பட்டியல்தான் சுருங்கியது. நமக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் ஒரு வயதுக்குள் எழுதப்பட்டுவிட்டது, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜெர்மனைக் கேட்கிறோம்.

இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. ஜப்பானிய மொழியில் இரண்டு மெய்கள் சும்மா அடுத்தடுத்து வராது, நடுவில் உயிர் வேண்டும். 1999இல் இமானுயெல் டுப்பூவும் அவருடன் வேலை செய்தவர்களும் "எப்ஸோ" போன்ற பொருளில்லாத வெற்றுச் சொற்களை ஜப்பானியர்களுக்குக் கேட்கக் கொடுத்தபோது, அவர்களுக்கு அது "எபுஸோ" என்று கேட்டது. ஒலிப்பதிவில் இல்லவே இல்லாத உகரம் அவர்கள் காதில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கேட்கவில்லை. நாம் பேச்சில் "பஸ்ஸு", "புக்கு" என்று சொல்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். சொல்லின் கடைசியில் வல்லின மெய் மொட்டையாக நிற்பது தமிழுக்குப் பழக்கமில்லை, அதனால் ஒரு குட்டி உகரம் வந்து தாங்கிக்கொள்கிறது. ஜெர்மனில் நாள் என்ற பொருள் தரும் சொல்லை நீங்கள் "டாகு" என்று முடிக்கிறீர்களா என்று கவனித்துப் பாருங்கள். அது "டாக்" என்று, கடைசியில் தொண்டை அதிராத க்கோடு, வெட்டினாற்போல் முடியவேண்டும். உகரம் சேர்த்ததும் அந்தக் க தானாகவே குழைந்து அதிர்வு பெற்றுவிடுகிறது, ஒரே சொல்லில் இரண்டு பிழை. இதைச் செய்கிறவருக்கு, தான் உகரம் சேர்ப்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

சரி, பட்டியல் சுருங்கிவிட்டது, அப்படியானால் கதவு சாத்தியாயிற்றா? இல்லை. ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல வேறுபாடு தெரியாது என்பது எல்லோரும் அறிந்ததுதான். 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் அவர்களுக்குக் கேட்கும் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். ஒரு சொல் ஒலிக்கும், இது எது என்று சொல்லவேண்டும், சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும், அவ்வளவுதான். முக்கியமான விஷயம், சொற்களைச் சொன்னது ஒருவர் அல்ல, பல பேர். சில வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே ஒரு குரலை வைத்துப் பயிற்சி கொடுத்தபோது அந்தக் குரலுக்கு மட்டும் பழகினார்கள், புதிய குரல் வந்ததும் தடுமாறினார்கள் என்பது அடுத்து வந்த ஆய்வில் தெரிந்தது. 1997இல் ஆன் பிராட்லோ குழுவினர் அதே வழியில் போய் இன்னொன்றையும் காட்டினார்கள்: வாயால் ஒரு முறைகூடச் சொல்லிப் பழகாமல், கேட்டு மட்டும் பயிற்சி எடுத்தவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது. எத்தனை பாடப்புத்தகங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் "கேட்டுத் திருப்பிச் சொல்" என்று நேராக வாய்க்குப் போகின்றன என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, சொல்வதை நிறுத்திவிட்டுப் பிரித்துக் கேட்பது. ஒரு ஒலியில் மட்டும் வேறுபடும் இரட்டைச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்வோ போன்ற தளங்களில் ஒரே சொல்லைப் பல பேர் சொல்லிக் கேட்கலாம். அவற்றை இறக்கி, கலைத்துப் போட்டு, எழுத்தைப் பார்க்காமல் "இது எது?" என்று உங்களையே சோதியுங்கள். விடை உடனே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் இந்தப் பயிற்சியில் பாதி பலன் போய்விடும். பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை அந்த ஜோடியை வாயால் தொடவேண்டாம் என்பது என் வகுப்பில் நான் வைத்திருக்கும் விதி. ஒன்பது என்ற கணக்கு என் பழக்கம்தான், ஆய்வு சொன்னதல்ல.

எந்த ஜோடியில் ஆரம்பிப்பது? தமிழ் பேசுகிறவர் என்றால் நான் முதலில் எடுப்பது ப, ட, க மூன்றையும்தான், எல்லோரும் எதிர்பார்க்கும் கரடுமுரடான ஜெர்மன் ஒலிகளை அல்ல. ஜெர்மனில் "பாக்கன்" என்று நாம் எழுதக்கூடிய சொற்கள் இரண்டு. ஒன்றுக்கு மூட்டை கட்டுவது என்று பொருள், இன்னொன்றுக்கு அடுப்பில் சுடுவது. முதல் சொல்லின் ப ஒரு மூச்சு வெடிப்போடு வரும், இரண்டாவதில் அந்த மூச்சு இருக்காது. தமிழில் "பல்" என்று சொல்லும்போது நமக்கும் மூச்சு வெடிப்பதில்லை. அதனால் நீங்கள் "பெட்டியைக் கட்டுகிறேன்" என்று நினைத்துச் சொல்வது ஜெர்மன்காரர் காதில் "பெட்டியைச் சுடுகிறேன்" என்று விழ வாய்ப்பிருக்கிறது. சூழ்நிலையை வைத்து அவர் பெரும்பாலும் ஊகித்துக்கொள்வார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் இப்படி நாலு இடத்தில் ஊகிக்க வேண்டியிருந்தால் களைத்துப்போய்த் திரும்பக் கேட்கத்தான் செய்வார். இதைச் சரிசெய்ய ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடியுங்கள். "பல்" என்று சொன்னால் அது அசையாது. ஜெர்மனின் மூச்சுள்ள ப சொன்னால் அது துள்ளவேண்டும். துள்ளும்வரை சொல்லிப் பாருங்கள். ட, கவுக்குக் காகிதம் அவ்வளவாக அசையாது, உள்ளங்கையை வாய்க்கு அருகில் வைத்தால் மூச்சு படுவது தெரியும். உங்களைத் திரும்பக் கேட்க வைப்பதில் பெரிய பங்கு இந்த மூன்றுக்குத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், ஆனால் உங்கள் குரலைக் கேட்காமல் அடித்துச் சொல்லமாட்டேன்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று. முற்றிலும் புதிதான ஒலி கஷ்டம், பழகிய ஒலி போல் இருப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜேம்ஸ் ஃப்ளெகி என்பவர் 1995இல் இதற்கு நேர்மாறாக ஒரு கோட்பாடு வைத்தார்: தாய்மொழி ஒலிக்கு மிக அருகில் இருப்பதுதான் கடைசிவரை தொல்லை கொடுக்கும், ஏனென்றால் புதிது என்றே மூளை பதிவு செய்யாது. கோட்பாட்டின் எல்லா நுணுக்கங்களும் நிரூபணமாகிவிட்டன என்று சொல்லமுடியாது, ஆனால் என் மாணவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். தமிழில் இல்லாத உயிரொலிகளை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறவர்கள், ட என்ற ஒலியில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ட நாக்கை மடித்து அண்ணத்தில் தொடுவது. நம் த பல்லில் தொடுவது. ஜெர்மனுக்கு இரண்டுக்கும் நடுவே, மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள பல்லீறு மேடு வேண்டும். அந்த இடம் நமக்குத் தெரியாத இடமில்லை, றன்னகரம் அங்கேதான் பிறக்கிறது. "ன்" என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்துங்கள். இப்போது மூக்கு வழியாகப் போகும் ஒலியை நிறுத்திவிட்டு, நாக்கை இடம் மாற்றாமல் மூச்சோடு விடுங்கள். வருவதுதான் நீங்கள் தேடும் ட. தொல்காப்பியத்தின் பிறப்பியலே ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு எங்கே தொடுகிறது, உதடு என்ன செய்கிறது என்று வரிசையாகச் சொல்கிற இயல்தான். ஒலியை உறுப்பு வைத்து விளக்கும் பழக்கம் இந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது, வேற்றுமொழி வகுப்பில் மட்டும் நாம் அதை மறந்துவிட்டு "நல்லாக் கேளுங்க, நல்லாச் சொல்லுங்க" என்று நிறுத்திக்கொள்கிறோம்.

புதிய உயிரொலிகளும் இப்படித்தான், உறுப்பைச் சொன்னால் வந்துவிடும். உகரத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் உயிருக்கு, "ஈ" என்று நீட்டிச் சொல்லுங்கள், நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்புறம் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது நாக்கைத் துளிகூட நகர்த்தாமல் உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவிப்பதுபோல் குவியுங்கள். நாக்கு நுனி பல்லை விட்டுப் பின்னால் போனால் வெறும் ஊ ஆகிவிடும், அதுதான் அடையாளம். ஒகரத்தின் மேல் புள்ளி வைத்ததற்கு அதே வேலையை "ஏ"யில் ஆரம்பித்து "ஓ"வின் உதட்டோடு செய்யவேண்டும். அப்புறம் "நான்" என்று பொருள்படும் சொல்லின் கடைசியில் வரும் அந்த மெல்லிய காற்று ஒலி. பலர் அதை "இஷ்" என்கிறார்கள், சிலர் "இக்" என்கிறார்கள். "ய்" என்று சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு, தொண்டையை அதிரவிடாமல் காற்றை மட்டும் ஊதுங்கள். உதடு சிரிப்பதுபோல் விரிந்திருக்கவேண்டும். உதடு குவிந்தால் ஷ ஆகிவிடும், தேவாலயம் என்று சொல்ல நினைத்தது செர்ரிப் பழம் ஆகிவிடும். ஜெர்மனில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் அந்த ஒரு ஒலிதான் வித்தியாசம். தொலைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தால் உதடு ஏமாற்றுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தமிழ் நமக்குக் கொடுக்கும் பலம் ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. குறில் நெடில் வேறுபாடு. "படம்", "பாடம்" என்று பிறந்ததிலிருந்து பழகியவருக்கு ஜெர்மனின் குறில் நெடில் ஜோடிகள் காதில் உடனே விழும். வேறு பல மொழிக்காரர்கள் அதற்கே மாதக்கணக்கில் திணறுகிறார்கள். ஆனால் அதே தமிழ் இன்னொரு இடத்தில் காலை வாரிவிடும். எழுத்தில் இரட்டை மெய் வந்தால் நாம் இரட்டித்துச் சொல்கிறோம், "பட்டு", "பத்து" மாதிரி. ஜெர்மனில் இரட்டை எழுத்துக்கு அர்த்தம் வேறு, முன்னால் இருக்கும் உயிர் குறில் என்பதற்கான அடையாளம் அது, மெய்யை ஒற்றையாகத்தான் சொல்லவேண்டும். நடு என்று பொருள்படும் சொல்லை "மிட்டெ" என்று அழுத்திச் சொல்கிறோம், அவர்கள் அந்த ட்டில் நிற்பதே இல்லை. இத்தாலிய மொழி படித்தால் இதே பழக்கம் கைகொடுக்கும், அங்கே மெய்யை உண்மையாகவே இரட்டிக்கவேண்டும். ஆகவே தாய்மொழியைக் குறை சொல்லவும் வேண்டாம், கண்மூடி நம்பவும் வேண்டாம், எந்த இடத்தில் உதவுகிறது எந்த இடத்தில் இழுக்கிறது என்று ஒரு பக்கத்துக்குக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இதில் எழுத்து செய்யும் கேடு பெரிது. நான் இங்கே ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்கு விளக்குவதற்காக, ஆனால் உங்கள் நோட்டில் அப்படி எழுதிவைக்காதீர்கள், உங்களிடம் படிக்கும் இருவரையும் எழுதவிடாதீர்கள். "பாக்கன்" என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதற்கப்புறம் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ் ப, தமிழ் க்க என்றுதான் வாய் போகும். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு குறி வைத்திருக்கும் சர்வதேச ஒலி எழுத்துகளைக் கற்கவேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த எழுத்துமுறையை உருவாக்கிய சங்கம் 1886இல் பாரிசில் பால் பாசி முதலான மொழி ஆசிரியர்கள் ஆரம்பித்தது, வகுப்பறைத் தேவைக்காகப் பிறந்ததுதான். முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஜெர்மனுக்கு வேண்டிய குறிகள் மட்டும், அதிலும் உங்களுக்குக் குழப்பம் தருபவை மட்டும் தெரிந்தால் அகராதியைத் திறந்து நீங்களாகவே சரிபார்த்துக்கொள்ளலாம். அது தெரியாமலும் நன்றாகப் பேசுகிறவர்கள் ஏராளம். சொல்லிக்கொடுக்கப் போகிறவர் என்பதால் உங்களுக்கு அது தேவை என்பது என் கருத்து.

அந்தப் ப, ட, க மூன்றை விட்டால், மற்ற தனித்தனி ஒலிகளைவிட அழுத்தமும் தாளமும் புரிதலை அதிகம் பாதிக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் சொல்லின் பொருள் மாறாது. ஜெர்மனில் மாறும். "உம்ஃபாரென்" என்ற வினையில் முதல் அசையை அழுத்தினால் வண்டியால் மோதித் தள்ளுவது, இரண்டாவது அசையை அழுத்தினால் சுற்றிக்கொண்டு போவது. "அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்" என்று சொல்ல வந்தவர் மரத்தைச் சாய்த்துவிட்டதாகச் சொல்லி முடிப்பார். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சமமான எடை கொடுத்துப் பேசுகிறோம், ஜெர்மனில் அழுத்தமில்லாத எகரங்கள் பாதி விழுங்கப்படும். புதிய சொல்லைக் குறித்துக்கொள்ளும்போதே அழுத்தம் விழும் அசைக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள், சொல்லும்போது மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். நீண்ட கூட்டுச் சொல் வந்து வாய் சிக்கினால் பின்னாலிருந்து கட்டுங்கள்: கடைசி அசை, பிறகு கடைசி இரண்டு, பிறகு மூன்று என்று முன்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து ஆரம்பித்தால் முடிவுக்கு வருவதற்குள் மூச்சும் தாளமும் குலைந்துபோகும். பின்னாலிருந்து வந்தால் எப்போதும் நன்றாகப் பழகிய பகுதியை நோக்கியே போகிறீர்கள்.

உங்களை நீங்களே பதிவு செய்து கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படிக் கேட்பது என்று சொல்லமாட்டார்கள். பேசும்போது நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதனால் அந்த நேரத்தில் நாம் நல்ல நீதிபதி இல்லை. ஒரு வாக்கியத்தை ஜெர்மன்காரர் சொன்னது, அடுத்து நீங்கள் சொன்னது, மறுபடி அவர், மறுபடி நீங்கள் என்று ஒரே கோப்பில் வெட்டி ஒட்டி, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நாம் சொல்ல நினைத்ததுதான் கேட்கும். இன்னும் ஆழமாகப் போக விருப்பம் இருந்தால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளில் மூச்சு வெடிப்பையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் படமாகவே பார்க்கலாம். தொலைபேசியில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியைச் சோதனைக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: முழு வாக்கியம் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், உங்கள் உச்சரிப்பு தேறியதாக ஆகாது. ஜோடிச் சொற்களைத் தனித்தனியாகச் சொல்லி எது வருகிறது என்று பார்த்தால் ஓரளவு பயன் உண்டு.

இதெல்லாம் செய்த பிறகும் சரளமாகப் பேசும்போது பழைய உச்சரிப்பு திரும்பி வரும். அதைப் பார்த்து மனம் உடைந்து பயிற்சியை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். கவனம் பொருளின் மேல் போனதும் வாய் தன் பழைய பாதைக்குப் போவது இயல்பு. தனிச் சொல், பிறகு சிறு தொடர், பிறகு மனப்பாடம் செய்த நாலு வாக்கியம், பிறகு முன்பே யோசித்து வைத்த ஒரு நிமிடப் பேச்சு, அதன் பிறகுதான் சுதந்திரமான உரையாடல் என்று படியேறவேண்டும், ஒவ்வொரு படியிலும் அந்த ஒலி மறுபடி கொஞ்சம் கெட்டுச் சரியாகும். தினமும் கால் மணி நேரம் போதும், வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது மேல். ஒலிப்பதிவோடு கூடவே நிழல்போல் பேசிக்கொண்டு போகும் பயிற்சி தாளத்துக்கு நல்லது என்பது என் அனுபவம், ஆனால் காது பிரித்துக் கேட்காத ஒலியை அது திருத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாக்குச் சுழற்றும் வரிகளை நான் பயன்படுத்துவதில்லை, தாய்மொழிக்காரரே தடுக்கி விழும்படி செய்த வரிகளில் புதியவர் என்ன பழகமுடியும் என்று எனக்குப் புரியவில்லை.

வயதுக்கு வருகிறேன். 1967இல் எரிக் லெனெபர்க், பருவம் அடையும் காலத்தோடு மொழியை இயல்பாகப் பெறும் காலம் முடிந்துவிடுகிறது என்று வாதிட்டார். அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. எவ்வளவு இளமையில் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு குறைவாக அயல் சாயல், அதாவது வேற்றுமொழிக்காரர் என்று காட்டிக்கொடுக்கும் பேச்சு வாடை, இருக்கும் என்பது பொதுவாகத் திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வயதில் கதவு அடைக்கிறதா, அல்லது மெதுவாகச் சரிகிறதா, அந்தச் சரிவுக்கு மூளை காரணமா, தாய்மொழியை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 1990களில் தியோ போங்கார்ட்ஸ் என்பவரும் அவர் குழுவினரும், பள்ளிக்கூட வயதில்தான் ஆங்கிலம் ஆரம்பித்த டச்சுக்காரர்கள் சிலரின் பேச்சைத் தாய்மொழிக்காரர்களின் பேச்சிலிருந்து நடுவர்களால் பிரிக்க முடியவில்லை என்று காட்டினார்கள். அவர்கள் பல்கலைக்கழகத்தில் உச்சரிப்புக்கென்றே தீவிரப் பயிற்சி எடுத்தவர்கள், டச்சும் ஆங்கிலமும் நெருங்கிய உறவு மொழிகள், அதனால் அதை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ளக்கூடாது. முடியவே முடியாது என்ற பேச்சுக்கு மட்டும் அது பதில்.

அப்புறம், உங்களுக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கவேண்டும். 1995இல் மர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அயல் சாயல் இருப்பதாகக் கேட்டவர்கள் சொன்ன பேச்சிலும் நிறைய வாக்கியங்களை அதே ஆட்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதிக்காட்டினார்கள். சாயல் இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு. உங்கள் பிரச்சினை இரண்டாவது. அதைத் தீர்ப்பது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முதலாவதை ஒழிக்கவேண்டுமா என்பது விருப்பம், ஒழிக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. எல்லாப் பழியையும் உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளவும் வேண்டாம். 1992இல் டொனால்ட் ரூபின் ஒரே அமெரிக்கக் குரலின் பதிவை இரண்டு மாணவர் குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார், ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரர் படம், இன்னொரு குழுவுக்கு ஆசியர் படம். ஆசியர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதே பேச்சில் அயல் சாயல் கேட்டது, அவர்களுக்குப் புரிந்த அளவும் குறைந்தது. கேட்பவர் மனதில் இருப்பதை நம் நாக்கால் முழுக்க மாற்றமுடியாது.

உங்களிடம் படிக்கும் இருவருக்கு வருகிறேன். உங்கள் குறை அவர்களுக்கு ஒட்டும் என்ற பயத்துக்குச் சுலபமான மாற்று இருக்கிறது: மாதிரிக் குரலாக நீங்கள் இருக்காதீர்கள். முதல் சில வாரங்களுக்கு எழுத்தைக் காட்டாமல், பல பேரின் பதிவுகளைக் கேட்கவைத்து, இது எது என்று பிரிக்கச் செய்யுங்கள். நீங்கள் செய்யவேண்டியது சோதிப்பதும், நாக்கும் உதடும் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்வதும். தவறாகச் சொன்னால் சரியானதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், காது பிரிக்காதவருக்கு அது சத்தமாகத்தான் கேட்கும், வேறாகக் கேட்காது. "உதடு விரிந்திருக்கட்டும்", "மூச்சை விடு" என்று ஒரு உறுப்பைச் சொல்லுங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு ஒலி, அந்த ஒலியில் மட்டும் பிழை திருத்துங்கள், மற்றதெல்லாம் அன்றைக்கு மன்னிப்பு. அவர்கள் ஏதோ சொல்ல வந்து ஆர்வமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து திருத்தவே திருத்தாதீர்கள், குறித்துவைத்துப் பிறகு சொல்லுங்கள்.

கூச்சம் இருக்கும் வகுப்பில் நான் செய்யும் ஒன்றையும் சொல்கிறேன். ஜெர்மன்காரர் தமிழ் பேசினால் எப்படி இருக்கும் என்று பேசிக்காட்டச் சொல்வேன். எல்லோருக்கும் வரும். பகரத்தில் மூச்சு வெடிக்கும், டகரம் முன்னால் போகும், ரகரம் தொண்டைக்கு இறங்கும், அழுத்தம் ஓரிடத்தில் குவியும். பயிற்சியில் வராததெல்லாம் அந்த நிமிடத்தில் தானாக வரும், ஏனென்றால் தமிழாக இருப்பதால் வித்தியாசம் காதுக்குப் பளிச்சென்று தெரிகிறது. "இதே வாயை வைத்துக்கொண்டு இப்போது ஜெர்மன் பேசுங்கள்" என்று உடனே மாற்றிவிடுங்கள். முதல் முறை வாக்கியம் முடிவதற்குள் நழுவிவிடும், பிடித்துக்கொண்டு மறுபடி போகவேண்டும்.

நீங்கள் ப, ட, க ஜோடிகளில் ஆரம்பித்து, அது காதில் பிடிபட்டதும் அழுத்தத்துக்குப் போங்கள், உயிரொலிகளை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வரிசை தமிழ் பேசுகிறவர்கள் பலரிடம் நான் கேட்டதை வைத்துச் சொல்வது, உங்களுக்கு வேறாகவும் இருக்கலாம். எழுதி வைத்ததைப் படிக்காமல் நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒரு நிமிடம் ஜெர்மனில் பேசிப் பதிவு செய்து இங்கே போட்டால், எதை முதலில் தொடவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.